தர்புக்காவில் தொடங்கிய அடி

நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று. முதலாவது எண்ணிக்கையில் காலால் மிதிக்கும் பெரிய ட்ரம் 'டும்' என்கிறது. இரண்டாவதில் ஸ்நெயர் மீது குச்சி இரண்டு தரம் விழுகிறது, 'தட்-தட்'. மூன்றாவதில் மறுபடி 'டும்'. நாலாவதில் ஒற்றைத் 'தட்'. டும், தட்-தட், டும், தட். இதை நிமிடத்துக்கு 165 எண்ணிக்கை என்ற வேகத்தில், மேலே சிம்பல் ஓயாமல் ஒலிக்க, பாட்டு முடியும்வரை விடாமல் அடிக்க வேண்டும். சேர்ஃப் இசை என்று அழைக்கப்படும் வாத்திய இசைக்கு அடித்தளம் இதுதான். பெரும்பாலும் பாடகர் இருக்கமாட்டார், மின்கிற்றார்தான் பாடும். 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் தென்கரையில் பள்ளிக்கூட வயதுப் பையன்கள் இதை வாசித்தார்கள். அறுபது ஆண்டு கழித்து மன்னார்த் தீவில், பேசாலைப் பக்கத்தில் ஒரு வீட்டு அறையில், அதே அடியை ஒலிப்பதிவு செய்துகொண்டிருக்கிறேன். அது இங்கே வந்து சேர்ந்த வழி மிகவும் சுற்றுவழி.

சேர்ஃப் என்றால் அலைச்சறுக்கு, மன்னாரில் அது ஏது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தீவின் வடபக்கம் பாக்கு நீரிணை, ஆழம் குறைந்த கடல். மேற்கே ஆதாம் பாலத்து மணல் திட்டுகளில் சில இடங்களில் இறங்கி நடக்கலாம். தென்பக்கம் மன்னார் வளைகுடா சோளகக் காலத்தில் கொந்தளிக்கும், ஆனால் பலகையோடு வருபவர்கள் அறுகம்குடாவுக்குத்தான் போகிறார்கள். ஆனாலும் இந்த இசை அலையை நம்பிப் பிழைத்ததே இல்லை. 1963 இல் பெரும் பெயரெடுத்த ட்ராஷ்மென் குழு மினியாபொலிஸ் நகரத்துக் குழு. அஸ்ட்ரோநட்ஸ் குழு கொலராடோவின் போல்டர் நகரத்தைச் சேர்ந்தது. இரண்டும் கடலே தெரியாத உள்நாட்டு ஊர்கள். பின்னாளில் ஃபின்லாந்தின் குளிரிலிருந்து லைக்கா அண்ட் த கொஸ்மொனோட்ஸ் வந்தது. இந்த அடிக்குத் தேவைப்பட்டது ஒரு கை. அந்தக் கை எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குச் சுவையான விடயம்.

டிக் டேல் என்று அறியப்பட்டவரின் இயற்பெயர் ரிச்சர்ட் மன்சூர். 1937 இல் பொஸ்ரனில் பிறந்தவர். தந்தை வழி லெபனான். வீட்டில் ஊத் வாசிக்கும் மாமா ஒருவர் இருந்தார். சிறுவன் அவரிடம் தர்புக்காவைப் பழகினான். குவளை வடிவிலான ஒருமுக மேளம் அது. நடுத்தோலில் விழுந்தால் 'தும்', விளிம்பில் விழுந்தால் 'தக்'. கிற்றார் அதற்குப் பிறகுதான் அவர் கைக்கு வந்தது. இடக்கைக்காரர். வலக்கைக்காரருக்குக் கட்டிய தந்திகளை மாற்றாமல் கிற்றாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார். தடித்த தந்திகள். மேலும் கீழும் இடைவிடாமல் தந்தியில் அடிக்கும் அந்த வலிமை மேளக்காரனுடையது. ஜீன் க்ரூப்பா என்ற ஜாஸ் ட்ரம்ஸ் கலைஞர்தான் தன் ஆதர்சம் என்று அவர் சொல்லிவந்தார். ஒரு கிற்றார்க்காரர் இன்னொரு கிற்றார்க்காரரின் பெயரைச் சொல்லாமல் ட்ரம்ஸ்காரர் ஒருவரின் பெயரைச் சொன்னது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

1962 இல் அவர் பதிவுசெய்த 'மிசிர்லூ' கிழக்கு மத்தியதரைக் கடற்பக்கத்துப் பாடல். 1927 இலேயே நியூயோர்க்கில் தெத்தோஸ் டெமெட்ரியாடிஸ் என்ற கிரேக்கர் அதை இசைத்தட்டில் பாடியிருந்தார். மெதுவாக, ஏக்கத்தோடு செல்லும் மெட்டு. டேல் அதைத் தன் தர்புக்காக் கையால் பல மடங்கு வேகத்தில் தந்தி மீது அடித்தார். தந்தையார் நடத்திய டெல்ரோன் நிறுவனம் தட்டை வெளியிட்டது. ஆக, முதல் சேர்ஃப் கிற்றார் உண்மையில் தந்தி பூட்டிய ஒரு மேளம். பின்னால் நிற்கும் ட்ரம்ஸ் அதற்குத் துணைபோகவில்லை, அதனோடு சேர்ந்து இரண்டாவது மேளமாக நின்றது. டும், தட்-தட் என்ற இரட்டைத் தட்டை நான் அப்படித்தான் கேட்கிறேன். கிற்றார் ஒரு எண்ணிக்கைக்குள் நாலாக நறுக்கிக்கொண்டிருக்கும்போது, ஸ்நெயர் அதில் இரண்டை எடுத்து அழுத்திக் காட்டுகிறது.

கலிபோர்னியக் கரையில் பல்போவாவின் ரான்டவூ நடன மண்டபத்தில் 1961 இலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஆடினார்கள். அந்தக் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமென்று டேல் ஒலிபெருக்கிகளை எரித்துத் தள்ளினார். கிற்றாரும் ஒலிபெருக்கியும் செய்யும் லியோ ஃபெண்டர் அவருக்காகப் புதுப்புதுப் பெட்டிகளைச் செய்துகொடுத்தார். 15 அங்குல ஒலிபெருக்கியோடு வந்த ஷோமன் அந்த முயற்சியில் பிறந்தது. இதே 1961 இல் ஃபெண்டர் நிறுவனம் ஒரு சிறு பெட்டியையும் விற்பனைக்கு விட்டது. உள்ளே இரும்புச் சுருள்கள். கிற்றாரின் சத்தம் ஒரு முனையில் சுருளை அசைக்கிறது, அசைவு மறுமுனைக்கு ஓடிப்போய்த் திரும்புகிறது, அந்தத் தாமதம்தான் எதிரொலி. நீண்டதூரத் தொலைபேசித் தொடர்பின் தாமதத்தைச் சோதித்துப் பார்க்க பெல் ஆய்வுகூடத்தில் பயன்பட்ட சுருள் அது. பிறகு லோரன்ஸ் ஹமண்ட் தன் மின் ஓர்கனுக்குள் வைத்தார். தேவாலயத்தின் கல்மண்டப ஒலியை வீட்டுக் கூடத்துக்குத் தருவது அவர் நோக்கம். டேல் அதைக் கேட்டது தன் குரலுக்காக. கிற்றாரை அதற்குள் செருகி, ஒவ்வொரு சுரத்தையும் ஈரமாகச் சொட்டவைத்த ஓசையை ஒரு பாணியாக்கியவர்கள் அவரைத் தொடர்ந்து வந்த குழுக்கள். தொலைபேசிக்குச் செய்த சுருள் கடலின் ஓசையாகிவிட்டது.

அடிக்குத் திரும்புவோம். 1962 இன் கடைசியில், லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் கிழக்கே கூகமோங்கா என்ற சிற்றூரில், பால் ஒலிப்பதிவுக் கூடம் என்ற சிறிய இடத்தில் சேர்ஃபாரிஸ் என்ற பையன்கள் குழு ஒரு பாட்டைப் பதிவுசெய்தது. தட்டின் மறுபக்கத்துக்கு ஏதாவது வேண்டியிருந்ததால் அங்கேயே ஒரு வாத்தியத் துண்டை உருவாக்கினார்கள். அதுதான் 'வைப் அவுட்'. ரொன் வில்சன் அதில் அடித்த தனி ஆவர்த்தனம் பள்ளிக்கூட அணிவகுப்பு இசைக்குழுவில் அடித்துப் பழகிய தாளம். மறுபக்கத்துக்கென்று செய்தது 1963 இல் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாவது இடம்வரை போனது. அதன் பிறகு ட்ரம்ஸ் பழகும் பையன்கள் எல்லோரும் மேசையிலும் வாங்கிலும் அந்தத் தனியை அடிக்கத் தொடங்கினார்கள். தர்புக்காவிலிருந்து வந்த கையும் அணிவகுப்பிலிருந்து வந்த கையும் இப்படி ஒரே இசைக்குள் சந்தித்தன.

அந்தக் கூடத்தை நடத்திய பால் பஃப் பற்றி நான் நாள் முழுக்கப் பேசுவேன். ஒற்றைத் தடமும் இரட்டைத் தடமுமே வழக்கமாக இருந்த காலத்தில் அவர் தன் கையாலேயே ஐந்து தட ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைச் செய்து வைத்திருந்தார். 1964 இல் அந்த இடத்தை இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா வாங்கினார். பெரிய நிறுவனத்தின் கூடத்துக்குப் போக வழியில்லாதவர்கள் ஒரு மணிநேரத்துக்கான காசைச் சேர்த்துக்கொண்டு போய்ப் பதிவுசெய்த இடம் அது. வீட்டில் பதிவுசெய்யும் எங்களைப் போன்றவர்களின் பரம்பரை அங்கேதான் தொடங்குகிறது என்பேன்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இன்னொருவர் இருந்தார். லண்டன் ஹொலவே வீதி 304 ஆம் இலக்கம். கீழே தோற்பொருள் கடை, மேலே மூன்று மாடிக் குடியிருப்பு. அங்கே ஜோ மீக் ஒலிப்பதிவு செய்தார். வாத்தியக்காரர் ஓர் அறையில், கருவிகள் இன்னோர் அறையில், சில வேளை மாடிப்படியில் வயலின்காரர், குளியலறையில் பாடகர். சுருள் எதிரொலிப் பெட்டியையும் தானே செய்துகொண்டார். 1962 யூலை 10 இல் ரெல்ஸ்ரார் செய்மதி விண்ணுக்குப் போனது. அடுத்த மாதமே அதே பெயரில் டொர்னாடோஸ் குழுவின் வாத்திய இசை அவருடைய வீட்டிலிருந்து வெளிவந்தது. கிளெம் கட்டினி ட்ரம்ஸ். ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் முதலிடம். பிரித்தானியக் குழு ஒன்றுக்கு அங்கே கிடைத்த முதலாவது முதலிடம் அது, பீட்டில்ஸுக்கும் முன்னால். குடியிருக்கும் வீட்டில் செய்த பதிவு அந்த இடத்துக்குப் போனது. 'ரெல்ஸ்ரார்' சேர்ஃப் என்று சொல்லமாட்டேன், ஆனால் நெருங்கிய சொந்தம். அமெரிக்கச் சேர்ஃப் குழுக்களே அதை எடுத்து வாசித்தன.

இந்துமாக்கடலை இந்த ஓசை எப்படித் தாண்டியது? பெரும்பாலும் திரைப்படத்தில் ஏறி. 1965 இல் வந்த 'கும்நாம்' இந்திப் படத்தின் தொடக்கத்தில், ஷங்கர்-ஜெய்கிஷன் இசையில், முகம்மது ரபி பாடும் ஒரு நடனப் பாட்டு உண்டு. திரையில் முகமூடி அணிந்த ஆட்டக்காரர்கள், பின்னால் டெட் லயன்ஸ் குழுவினர் கிற்றாரோடு. அந்தக் கிற்றாரின் மூச்சிரைக்கும் ஓட்டம் கலிபோர்னியாவின் நேர் வாரிசு. 2001 இல் 'கோஸ்ட் வேர்ல்ட்' என்ற அமெரிக்கப் படம் அதே காட்சியை எடுத்துத் தன் தொடக்கத்தில் வைத்தது. சென்னையில் 1964 இன் 'காதலிக்க நேரமில்லை' விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் மின்கிற்றாரையும் ட்ரம்ஸையும் தமிழ்க் கொட்டகைகளுக்குக் கொண்டுவந்தது. இலங்கை வானொலி அந்நாளில் இந்திப் பாட்டையும் தமிழ்ப் பாட்டையும் மேற்கத்தியப் பாட்டையும் ஒரே கட்டடத்திலிருந்து ஒலிபரப்பியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்து, தலைமன்னாருக்கும் அதற்குமிடையே 1914 முதல் ஓடிய கப்பலை நிறுத்தியபோது ஆட்களின் வழி அறுந்தது. வானலைக்கு அந்தத் தடை இருக்கவில்லை.

கொழும்பில் கிற்றார்க் குழுக்கள் பெருகின. 1966 இல் கிளாரன்ஸ் விஜேவர்த்தனவும் அனஸ்லி மாலேவனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு வந்தார்கள். சிங்களப் பாட்டுக்குள் மின்கிற்றார் உட்கார்ந்தது. தமிழில் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', பின்னர் ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'. பொப்பிசைப் பாடல்கள் என்று எங்கள் பெற்றோர் சொல்லும் அந்தத் தொகுதி முழுவதையும் உன்னிப்பாகக் கேட்டால் ஒன்று புலப்படும். கிற்றாரின் தொனி வந்துவிட்டது, அடி வரவில்லை. டும், தட்-தட் இரண்டு இரண்டாகப் பிரியும். எங்கள் பொப்பிசையின் பெரும்பகுதி பைலாவின் அடியில் நடக்கிறது, அது மூன்று மூன்றாகப் பிரிந்து ஆறாக உருளும்.

ஏன் அப்படி என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இந்தக் கரையிலேயே இருக்கிறது. போர்த்துக்கேயர் 1560 இல் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். அவர்களும் பின்வந்த ஆட்சியாளரும் ஆபிரிக்கரைக் கொண்டுவந்தார்கள். மன்னாரிலிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் புத்தளம், அதனருகே சிராம்பியடி. அந்த ஆபிரிக்கர் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே மஞ்சா பாடுகிறார்கள். தேங்காய்ச் சிரட்டை, போத்தல், கரண்டி, மேளம் எல்லாம் சேர்ந்து மெதுவாகத் தொடங்கி, வேகமேறி, ஆடுபவர் களைத்து விழும்வரை போகும். கஃப்ரிஞ்ஞாவும் பைலாவும் அந்தச் சொந்தத்தில் வந்தவை. ஆக, கலிபோர்னியாவின் அடி இங்கே வந்தபோது கடல்வழி வந்த இன்னோர் அடி நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இடம்பிடித்திருந்தது. அரபு வணிகர் நட்டதாகச் சொல்லப்படும் பெருக்க மரங்கள் பள்ளிமுனையில் நிற்பதுபோல, அதுவும் இந்த மண்ணுடையதாகியிருந்தது. புதிய அடி வேரூன்றாமல் போனதில் எனக்கு வியப்பில்லை.

பிறகு போர். 90களில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மின்சாரமில்லாத வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டார்கள். சுற்றும் கை தளர்ந்தால் பாட்டும் தளர்ந்தது. ஒலிப்பதிவைப் பற்றி யோசிக்கும் காலமாக அது இருக்கவில்லை.

அதற்கு முன்பிருந்தே வேறு நாடுகளில் அடி எண்ணாக மாறிக்கொண்டிருந்தது. ஜப்பானின் இக்குத்தாரோ கக்கேஹாஷி 1967 இல் செய்த றிதம் ஏஸ் என்ற பெட்டியை ஹமண்ட் நிறுவனம் தன் ஓர்கன்களுக்குள் வைத்தது. சுருளும் இயந்திர ட்ரம்ஸும் ஒரே ஓர்கனின் வயிற்றுக்குள் குடியிருந்தன என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். 1980 இல் ரொஜர் லின் தன் எல்எம்-1 இயந்திரத்துக்குள் உண்மையான ட்ரம்ஸின் ஒலியை எண்மப் பதிவாக வைத்தார். கூடவே, அடிகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழச்செய்யும் வசதியையும் வைத்தார். இயந்திரம் எண்ணுவது மிகையாக நேராக இருந்தது அவருக்கே தெரிந்திருந்தது. 1983 இல் மிடி வந்தது. அதன்பிறகு எந்த நிறுவனத்தின் கருவியும் இன்னொன்றுடன் பேசியது, ஒவ்வோர் அடியின் பலமும் 1 முதல் 127 வரையான எண்ணானது. ஏ.ஆர். ரஹ்மான் 1989 இல் கோடம்பாக்கத்து வீட்டோடு சேர்த்துக் கட்டிய பஞ்சதன் கூடத்திலிருந்து 1992 இல் 'ரோஜா' வந்தபோது, வீட்டில் செய்த ஒலி தமிழ் உலகம் முழுவதையும் நிறைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்துத் தேவாலயப் பாடகர் குழுவிலும் கலியாண வீட்டு இசைக்குழுவிலும் ட்ரம்ஸ் செட் நின்ற இடத்தில் கீபோர்டும் ஒக்டபாட்டும் வந்து நின்றன.

இப்போது என் மடிக்கணினியில் உள்ள ட்ரம்ஸ் மென்பொருளைத் திறந்தால் சேர்ஃப் அடி ஆயத்தமாகவே கிடைக்கிறது. இழுத்துப் போட்டால் மூன்று நிமிடமும் ஓடும். அப்படிச் செய்தவற்றை அதிகம் கேட்டிருக்கிறேன். கிற்றார் ஓடுகிறது, ட்ரம்ஸ் நிற்கிறது. தர்புக்காவிலிருந்து வந்த கை அங்கே இல்லை என்பதுதான் குறை. வீட்டில் இந்த இசைக்கு ட்ரம்ஸ் தடம் செய்கிறவரின் வேலை முழுவதும் அந்தக் கையைத் திரும்பக் கொண்டுவருவதே என்பது என் உறுதியான எண்ணம்.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 165 என்றால் ஓர் எண்ணிக்கை ஏறத்தாழ 364 மில்லிசெக்கன். இரட்டைத் தட்டின் இடைவெளி அதில் பாதி, 182. உயிருள்ள ட்ரம்ஸ்காரர் முதல் தட்டை அடித்துக் குச்சி மேலே எழும்பும் வேகத்திலேயே இரண்டாவதையும் அடிக்கிறார். அதனால் இரண்டாவது கொஞ்சம் மெலிந்தும் சற்றே முந்தியும் விழும். நாலாவது எண்ணிக்கையின் ஒற்றைத் தட்டுக்கு ஓங்க நேரம் இருப்பதால் அதுதான் எல்லாவற்றிலும் பலமானது. நான் இரட்டைத் தட்டுக்கு 100, 84 என்றும் ஒற்றைக்கு 118 என்றும் பலம் வைக்கிறேன். இரண்டாவது தட்டை ஐந்தாறு மில்லிசெக்கன் முன்னால் இழுக்கிறேன். சுற்றுக்குச் சுற்று இந்த எண்கள் சற்று மாற வேண்டும். அதற்கு நல்ல வழி மவுஸை விட்டுவிட்டு விரலால் ட்ரம்ஸ் பாட் மேல் அடிப்பது. அடித்ததைக் கட்டத்துக்குள் நேராக்கும் பொத்தானைத் தொடவே கூடாது. வேகத்தையும் ஒரே எண்ணில் பூட்டுவதில்லை, 162 இல் தொடங்கி கடைசிச் சுற்றில் 168 வரை ஏறவிடுகிறேன். மஞ்சா வேகமேறுவதைக் கேட்டு வளர்ந்த கரையில் ஒரே வேகத்தில் முடியும் பாட்டு முடிந்ததாகவே தோன்றாது.

உண்மையான தோலும் வேண்டும். அதற்கு எங்களிடம் மத்தளம் இருக்கிறது. மன்னாரின் கத்தோலிக்கக் கூத்தும் வாசாப்பும் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு வகையாகப் பாடப்படுபவை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இந்த நாடகங்களைத் தேடிப் பதிப்பித்தார். மத்தளமும் சல்லாரியும் இல்லாமல் கூத்து இல்லை. கூத்தை நடத்தும் அண்ணாவியார் ஆட்டக்காரனின் காலைப் பார்த்து அடிப்பார். கால் பிந்தினால் தாளம் காத்திருக்கும், கால் எகிறினால் தாளமும் எகிறும். சேர்ஃப் குழுவில் தரையில் நிற்கும் பெரிய டொம் செய்கிற வேலையை மத்தளத்தின் இடப்பக்கம் அழகாகச் செய்கிறது. ஊரில் கூத்துக்கு அடிக்கும் ஒருவரிடம் கிற்றார்த் தடத்தை மட்டும் காதில் போட்டுக்கொடுத்தேன், எண்ணிக்கைச் சத்தம் எதுவும் கொடுக்கவில்லை. கிற்றாரை ஆட்டக்காரனின் காலாக எடுத்துக்கொண்டு அடித்தார். மாரிகாலத்து ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும் என்பதால் வெயிலில் வைத்து இறுக்கிய பிறகே பதிவு.

மன்னாரில் ஒலிப்பதிவின் நாட்காட்டியைக் காற்று எழுதுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம். 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலையின் முப்பது கோபுரங்களும் தீவின் தென்கரையில் சுற்றுவது இந்தக் காற்றை நம்பித்தான். தகரக் கூரை ஓயாமல் அதிரும், மணல் யன்னலில் வந்து கொட்டும். ஒக்டோபர் தொடங்கி மழை. மைக் வைத்துத் தோலைப் பதிவுசெய்ய மார்ச்சும் ஏப்ரலும்தான் ஏற்றவை. அப்போதும் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையில் குளித்தபடி, தெருவில் கழுதை கத்தாத நேரமாகப் பார்க்க வேண்டும்.

சீமெந்துச் சுவர் அறை கைதட்டினால் படபடவென்று திருப்பி அடிக்கும். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி பந்தாடுவதால் வருவது அது. ஒரு பக்கச் சுவரில் தடித்த பஞ்சு மெத்தையைச் சாய்த்தால் போய்விடும். பனையோலைப் பாய் கூரிய ஒலியைக் கொஞ்சம் தணிக்கும், மூலையில் திரளும் உறுமலை ஒன்றும் செய்யாது, ஆகவே மத்தளத்தை மூலையில் வைப்பதில்லை. இரண்டு மைக்குக்கு மேல் வேண்டியதில்லை. ஒன்று அடிப்பவரின் வலத்தோளுக்கு மேலிருந்து தோலைப் பார்த்தபடி, மற்றது இடப்பக்கத்துக்கு ஒரு சாண் தள்ளி. ஒலி ஒரு மில்லிசெக்கனில் 35 சென்ரிமீற்றர் அளவு போகும். இரண்டு மைக்கும் வேறுவேறு தூரத்தில் இருந்தால் ஒரே அடி இரு தரம் பதிந்து மெலிந்துபோகும். ஒன்றின் அலைவடிவைக் கணினியில் நகர்த்தி மற்றதோடு பொருத்திவிட்டால் அடிவயிறு திரும்பி வரும். கடைசியில் எல்லாவற்றையும் ஒற்றைத் தடமாகவே கலக்கிறேன். அந்தக் காலத்துத் தட்டுகள் ஒற்றை ஒலியில் வந்தவை, ட்ரம்ஸ் இரு காதுகளுக்கும் பிரிந்தால் இந்த இசையின் நெருக்கம் கலைந்துவிடுகிறது.

சுருள் எதிரொலியைக் கிற்றாருக்கு மட்டும் கொடுக்க வேண்டும். ட்ரம்ஸுக்குக் கொடுத்தால் அதன் வால் அந்த 182 மில்லிசெக்கன் இடைவெளிக்குள் நிரம்பி, இரட்டைத் தட்டு ஒரே இரைச்சலாகிவிடும். கிற்றாரிலும் அதன் இடம் முக்கியம். ஃபெண்டரின் பெட்டி கிற்றாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே நின்றது, அதாவது சுருளில் நனைந்த ஒலியை ஒலிபெருக்கி பெருக்கியது. கணினியில் பலர் இதைக் கடைசியில் சேர்க்கிறார்கள். முன்னால் போட்டால்தான் அந்தச் சொட்டு வரும். ஒற்றைச் சுருணை கொண்ட பிக்கப் இங்கத்தைய 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். கிற்றாரோடு உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இரைச்சல் குறையும் திசையைக் கண்டுபிடிக்கலாம். 2022 மார்ச் கடைசியில் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு இருந்த நாட்களில், மின்கலத்தில் ஓடும் மடிக்கணினியில் நேராகச் செருகிப் பதிந்த கிற்றார்தான் என்னிடம் உள்ளவற்றில் மிகத் துப்புரவானது. அயலில் எந்தக் கம்பியிலும் மின்சாரம் இல்லை. அந்தத் துயர காலத்தில் கிடைத்த பதிவு என்பதால் அதை அழிக்க மனம் வரவில்லை, இப்போது செய்யும் பாட்டிலும் அதே தடம்தான் இருக்கிறது.

பேஸ் கிற்றார் ரொறன்ரோவிலிருந்து வருகிறது. என் மச்சான் ஒருவர் அங்கே நிலக்கீழ் அறையில் வாசிக்கிறார். மூன்று நிமிட ஒற்றைத் தடம், 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்றால் 26 மெகாபைட் அளவு, தொலைபேசி இணைப்பிலேயே போய்விடும். கிற்றாரை அனுப்பாமல் ட்ரம்ஸையும் மத்தளத்தையும் மட்டும் முதலில் அனுப்பினேன், அடியைக் கேட்டு வாசிக்கட்டும் என்று. திரும்பி வந்த தடத்தில் அவர் இரட்டைத் தட்டின் இரண்டாவதோடு ஒரு தாழ்ந்த சுரத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார். எனக்குத் தோன்றாத இடம். அங்கே மத்தளம் கொஞ்சம் விலகிக் கொடுத்தால் அந்தச் சுரம் எழும்பும். கூத்துக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், சோளகம் எழும்ப முன்னர் ஒரு நாள் வந்து அந்தச் சுற்றுகளை மட்டும் மறுபடி அடித்துத் தருவதாகச் சொன்னார்.